அவள் வாயால் நீ பேசிய பேச்சு

தாணு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கும் மனநிலையில் நான் இல்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய் என்பது நேற்றுப் போனிலேயே தெரிந்துவிட்டது. பெண் வீட்டிலிருந்து எத்தனை பேர் வருவார்கள், மண்டபத்தில் ஏசி ஒழுங்காக ஓடுகிறதா, உன் கம்பெனிப் பெரியவர்கள் தங்குவதற்கு நாகர்கோவிலில் எந்த ஹோட்டல் கொள்ளாம் என்றெல்லாம் விலாவாரியாகக் கேட்டாய். கடைசியில், கடைக்குப் போனால் கொஞ்சம் பச்சைமிளகாய் வாங்கிவா என்பது போல ஒரு வார்த்தை சொன்னாய். "அம்மா, அந்தக் கடியப்பட்டணத்துக்காரங்கள மட்டும் கல்யாணத்துக்கு விளிக்க வேண்டாம்." விளித்தாயிற்று என்றேன். "அப்பம் எப்படியாவது பேசி, வராண்டாம்னு சொல்லிரு" என்றாய். நான் போனை வைத்துவிட்டேன். சிக்னல் போய்விட்டது என்று நீ நினைத்திருப்பாய். சிக்னலுக்கு ஒரு கேடும் இல்லை. வாயைத் திறந்திருந்தால், கல்யாணத்துக்கு நாள் குறித்த மகனிடம் சொல்லக்கூடாத வார்த்தையெல்லாம் வந்திருக்கும். அதனால்தான் எழுதுகிறேன். எழுத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

ஒரு காரியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். விளித்த வீட்டுக்குத் திரும்பப் போய் வராதீர்கள் என்று சொன்ன மனிதர் யாரையும் நம் பூதப்பாண்டியில் நான் கண்டதில்லை. வரப்புத் தகராறில் நம் மேல் கேஸ் போட்ட உன் பெரியப்பா மகனைக்கூட வீடு தேடிப் போய் விளித்தோம். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் கார்டை வாங்கினான், ஆனாலும் வாங்கினான். வருவதும் வராததும் அவன் பாடு, விளிப்பது நம் மரியாதை. இது உனக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் அப்படிச் சொல்கிறாய் என்றால், உன்னை எது இவ்வளவு பயமுறுத்துகிறது என்று யோசித்துப் பார்த்தேன். கடியப்பட்டணத்து ஜெனிஷாவும் அவள் அம்மாவும் பந்தியில் வந்து உட்கார்ந்தால் உன் கம்பெனித் துணைத் தலைவர் அவர்களைப் பார்ப்பார். அவர் பார்ப்பதை நீ நின்று பார்க்க வேண்டியிருக்கும். அவ்வளவுதானே?

நீ செய்ததற்குச் சமாளிப்பு என்று பெயர் வைத்திருக்கிறாய். நான் வேறு பெயர் வைத்திருக்கிறேன். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். எங்கே தப்பு என்று நீயே விரல் வைத்துக் காட்டு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் துள்ளிக்கொண்டு போன் பண்ணினாய். விமானங்களைப் பழுதுபார்த்து, பெட்டி ஏற்றி இறக்கி, கிளப்பி அனுப்புகிற உன் கம்பெனியில், முப்பத்தைந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களை வைத்து இளையோர் ஆலோசனைக் குழு என்று ஒன்று தொடங்கியிருக்கிறார்கள், அதற்கு உன்னைத் தலைவனாகப் போட்டிருக்கிறார்கள் என்றாய். நீ இங்கிலீஷில் சொன்னதில் உன் அப்பா காதில் போர்டு, சேர்மன் என்ற இரண்டு வார்த்தை மட்டும் விழுந்தது. மறுநாள் காலை டீக்கடையில் நீ விமானக் கம்பெனிக்கே சேர்மன் ஆகிவிட்டாய். அந்த வாரம் முடிவதற்குள் உன் சித்தப்பா மகன்கள் கோவில் முக்கில் ஃபிளக்ஸ் கட்டிவிட்டார்கள். 'வானத்தை வசப்படுத்திய எங்கள் தாணுவே' என்று எழுதி, உன் தலைக்கு மேலே ஒரு விமானம், அதற்குப் பக்கத்தில் இன்னொரு விமானம். இரண்டும் இப்போது மோதிக்கொள்ளும் என்று நான் பயந்தேன். "இது என்ன கூத்து, அவுத்துப் போடுங்கலே" என்று சத்தமும் போட்டேன். ஆனால் பஸ் அந்த முக்கைத் தாண்டும்போதெல்லாம் என் தலை தானாக ஜன்னல் பக்கம் திரும்பியது. பெற்றவளுக்கு அந்த ஆசை இருக்காதா?

பெருமைப்படக் காரணமும் இருந்தது. கூட்டாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, அதோடு போதும் என்று நீ இருந்துவிடவில்லை. சனிக்கிழமை லீவைக் கெடுத்துக்கொண்டு கூட்டம் போட்டாய். பெட்டி ஏற்றுகிறவர்கள், சாப்பாட்டு வண்டி ஓட்டுகிறவர்கள், விமானப் பணிப்பெண்கள், உன்னைப் போன்ற இன்ஜினியர்கள் எல்லாரையும் ஒரே மேஜையில் உட்காரவைத்தாய். வெயிலில் நின்று வேலை செய்கிறவர்களுக்கு நிழலும் குடிதண்ணீரும் கேட்டு வாங்கினாய். விமானத்தை நிறுத்திப் பழுதுபார்க்கிற ஹேங்கர் பக்கம் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை என்று யாரோ சொன்னதும், அது வரும்வரை மேலதிகாரிகளை நிம்மதியாக இருக்கவிடவில்லை. "ஆலோசனை சொல்லத்தாம்மா எங்களுக்கு அதிகாரம், உத்தரவு போட முடியாது. ஆனா அவியளால தள்ள முடியாதபடி ஆலோசனையச் சொல்லணும்" என்றாய். நான் அந்தப் பேச்சை உன் அத்தைகளிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன். என் கோபம் இன்று இவ்வளவு பெரிதாக இருப்பதற்கு அதுவும் காரணம். ஒன்றுக்கும் உதவாத ஒருவன் இப்படிச் செய்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டு போயிருப்பேன்.

ஜெனிஷாவைக் குழுவுக்குக் கொண்டுவந்ததும் நீதான். விமானத்தின் சக்கரமும் பிரேக்கும் பார்க்கிற டெக்னீஷியன், நம்ம ஜில்லாக்காரி என்றாய். போன வருஷம் கிறிஸ்மஸ் லீவில் அவள் தன் அம்மா சகாயமேரியோடு நம் வீட்டுக்கு வந்தாள். கடற்கரையில் மீன் ஏலத்தில் நின்று கூவிக் கூவிக் குரல் கட்டிப்போன மனுஷி. கையில் தூக்குவாளி நிறைய நெய்மீன் குழம்பு. உன் அப்பா அன்று திரும்பத் திரும்பச் சோறு வாங்கினார், எழுந்திருக்கச் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. அந்தப் பெண் சிரித்தால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, தாணு அண்ணன் இருக்கதுனாலதான் அங்க எங்களுக்குப் பேச வாய் வந்துச்சு" என்றாள். நீ பக்கத்தில் நின்று தலையைக் குனிந்து சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் நம்பினேன்.

இந்த வருஷ மாநாட்டுக்கு வருகிறேன். உங்கள் குழு வருஷத்துக்கு ஒருமுறை மேலதிகாரிகள் முன்னால் தன் பரிந்துரையைச் சொல்ல வேண்டும். என்ன சொல்லப்போகிறீர்கள் என்று கேட்டேன். இங்கிலீஷில் இருந்ததை எனக்காகத் தமிழில் சொன்னாய். "நைட் டூட்டி முடிச்சுப் போனவன, ஆளில்லேன்னு காலையில திரும்ப விளிச்சுருதாங்கம்மா. அவனும் ஒண்ணும் மிண்டாம வந்து, கண்ணு சொருகச் சொருக வேலைய முடிச்சு, விமானம் சரியா இருக்குன்னு கையெழுத்துப் போடுகான். புதுசா வந்த பிள்ளையளுக்கு முடியாதுன்னு சொல்ல பயம். எனக்கு ஒறக்கம் வருது, இப்பம் நான் கையெழுத்துப் போடமாட்டேன்னு ஒருத்தன் சொன்னா, அதுக்காக அவன் மேல நடவடிக்கை எடுக்கப்படாது. இவ்வளவுதான் கேக்கப்போறோம்." நான் சொன்னேன், "விமானத்துல ஏறுகவன் உயிருல்லா மக்களே, இதக் கேக்கவா ஒரு மாநாடு?" நீ சிரித்தாய். நீயே எழுதியது என்றும், குழுவில் எல்லாரும் கை தூக்கி ஏற்றுக்கொண்டார்கள் என்றும் சொன்னாய். யார் பேசுவது என்றதற்கு, "ஜெனிஷாவப் பேசச் சொல்லியிருக்கேன். ஹேங்கர்ல கையில கிரீஸ் புரளுத பொண்ணு சொன்னாத்தான் எடுபடும்" என்றாய். எழுதியவன் நீ, பேசச் சொன்னவன் நீ. இதை நான் என் காதால் கேட்டேன், தாணு. வேறு யாரும் சொல்லித் தெரிந்துகொள்ளவில்லை.

மாநாட்டின் லிங்க்கையும் நீதான் அனுப்பினாய். உன் சித்தப்பா மகன் அதை டிவியில் போட்டான். சித்தப்பா, சித்தி, எதிர்வீட்டு ஆட்கள் எல்லாம் முன்னறையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் ஏத்தங்காய் உப்பேரி வறுத்து வைத்திருந்தேன். ஜெனிஷா மைக்கைப் பிடித்தாள். நீ தமிழில் சொல்லித் தந்திருந்ததால் எனக்கு வரிக்கு வரி புரிந்தது. எழுதிக் கொடுத்ததற்கு மேல் அவள் ஒரு வார்த்தை கூட்டவில்லை. குரல் மட்டும் அவளுடைய குரல். மைக் இல்லாமலே அந்த மண்டபம் முழுக்கக் கேட்டிருக்கும். அவள் முடித்ததும் உங்கள் துணைத் தலைவர் முகத்தில் அதுவரை இருந்த சிரிப்பு போயிற்று. நம் விமானங்களில் தூங்கி வழிகிறவர்கள் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று ஊருக்குச் சொல்கிறீர்களா என்று கேட்டார். அப்புறம் உன் பக்கம் திரும்பி, இது உங்கள் குழுவின் கருத்தா என்றார். கேமராவும் உன் பக்கம் திரும்பியது. நீ கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டாய். "அது அவருடைய சொந்தக் கருத்து. குழுவின் நிலைப்பாடு அதுவல்ல. சொன்ன தொனிக்கு வருந்துகிறோம்" என்றாய். அவள் இன்னும் உட்காரவில்லை. மைக்கைக் கையில் வைத்தபடி உன்னைத் திரும்பிப் பார்த்தாள். அதற்குள் கேமரா வேறு பக்கம் போய்விட்டது.

நம் முன்னறையில் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. "தாணு நல்லா சமாளிச்சுட்டான், கேட்டியளா. கடப்புறத்துப் பிள்ளையளுக்கு நாக்கு கொஞ்சம் நீளம்தான்" என்றார் உன் சித்தப்பா, வாய் நிறைய உப்பேரியோடு. உன் அப்பா என்னைப் பார்த்தார். நான் எழுந்து டிவியை நிறுத்தினேன். எதற்கு நிறுத்தினாய் என்று கேட்டவர்களுக்கு, அடுப்பில் பால் இருக்கிறது என்று சொன்னேன்.

அன்று சாயங்காலம் நீயே போன் பண்ணினாய். நான் கேட்பதற்கு முன்பே உன் விளக்கம் தொடங்கியது. "அவரு மூஞ்சி மாறுனதப் பாத்தியாம்மா? குழுவோட கருத்துன்னு சொல்லியிருந்தா அன்னைக்கே குழுவக் கலைச்சிருப்பாவ. ரெண்டு வருஷ வேலை வெள்ளத்துல போயிருக்கும். குழு நிக்கணும்னா ஒரு ஆளு கொஞ்சம் அடி வாங்கத்தான் செய்யணும். பொறவு பைய சரிபண்ணிக்கிடலாம்." அந்த ஆள் நீயாக இருக்கப்படாதா என்று கேட்டேன். அதற்கு நீ சொன்னாய்: "அவ கடப்புறத்துக்காரிம்மா. அவளுக்கு மெதுவாப் பேசத் தெரியாது. நான் எழுதுனத வேற ஆளு சொல்லியிருந்தா இவ்வளவு பிரச்சனை வந்திருக்காது."

அந்தப் பேச்சு உன் வாய்க்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நம் வீட்டு முன்னறையிலிருந்துதான் வந்தது. வயலும் வாய்க்காலும் பார்த்து வளர்ந்த நாம், கடற்கரைக்காரர்கள் இரண்டு பேர் பேசிக்கொண்டால் சண்டை என்போம். காற்றுக்கு எதிரே நின்று பிழைக்கிறவர்கள் வேறு எப்படிப் பேசுவார்கள்? நாம் மட்டும் என்ன யோக்கியம்? குரலை உயர்த்தாமலே ஆளைக் கவிழ்ப்போம். நீயும் அன்று மெதுவாகத்தான் பேசினாய். பணிவாக, நல்ல இங்கிலீஷில், கோட்டு கசங்காமல், ஒரு பெண்ணின் சோற்றில் மண்ணள்ளிப் போட்டாய். அவள் சத்தமாகச் சொன்னது உண்மை. நீ மெதுவாகச் சொன்னது பொய். தொனிக்கு வருந்துகிறாயாம். உன் தொனிக்கு யார் வருந்துவது?

குழுவைக் காப்பாற்றினேன் என்கிறாயே, எந்தக் குழுவை? முடியாது என்று சொல்கிறவனைத் தண்டிக்காதீர்கள் என்று கேட்கத்தான் அந்தப் பரிந்துரை. அதைச் சொல்ல எழுந்தவளைத் தலைவனே கைவிட்டுவிட்டான். இனி எந்தப் பிள்ளை உன் மேஜையில் வந்து வாயைத் திறக்கும்? அடுத்த சனிக்கிழமையும் எல்லாரும் வருவார்கள். டீ இருக்கும், பிஸ்கட் இருக்கும், போட்டோவும் எடுப்பார்கள். தண்ணீர் நன்றாக வருகிறது சார், நிழல் நன்றாக இருக்கிறது சார் என்று சொல்லிவிட்டு எழுந்து போவார்கள். ஒறக்கம் வருகிறவன் வாயை மூடிக்கொண்டு சக்கரத்துக்குக் கீழே குனிவான். அப்படி ஒரு குழுவை வைத்துக்கொள்ள உன் துணைத் தலைவருக்கு என்ன நஷ்டம்? அவர் ஏன் கலைக்கப்போகிறார்?

உன் மாமா மகள் கல்யாணம் உனக்கு நினைவிருக்கும். நீ காலேஜில் படித்துக்கொண்டிருந்தாய். நல்ல சித்திரை வெயில். நம் பிள்ளைகள் எல்லாரும் வேட்டியை மடித்துக் கட்டி, வாளி தூக்கி விளம்ப நின்றீர்கள். முதல் பந்தியில் மாப்பிள்ளை வீட்டார். அவியல் வாளி உன் கையில். கரண்டியை விட்டுக் கிளறியதும் வாடை தெரிந்து நின்றுவிட்டாய். "மாமா, அவியல் கெட்டுப்போச்சு, விளம்பப்படாது" என்றாய். என் அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு, "மிண்டாம விளம்புலே, மானம் போயிரும்" என்றார். பின்னால் வாளியோடு நின்ற மற்றப் பையன்களுக்கும் அந்த வாடை தெரியும். எல்லாரும் பந்தல் அலங்காரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நீ வாளியைக் கீழே வைத்தாய். "அவியல் இல்ல, யாரும் எதிர்பாக்காதீங்கோ, கெட்டுப்போச்சு" என்று பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாய். எவ்வளவு சத்தமாகச் சொன்னாய் தெரியுமா? அன்றைக்கு உன் தொனி எங்கே போயிருந்தது?

அண்ணன் கையை ஓங்கிக்கொண்டு உன் மேல் வந்தார். "யாருலே ஒன்னய இதச் சொல்லச் சொன்னது?" நான் சாமான் வைக்கிற கலவறையில் அப்பளம் எண்ணிக்கொண்டிருந்தவள், ஓடிவந்து குறுக்கே நின்றேன். நாந்தான் சொல்லச் சொன்னேன் என்றேன். நான் சொல்லச் சொல்லவே இல்லை. அந்த வாளியை நான் கண்ணால்கூடப் பார்த்திருக்கவில்லை. சம்பந்தக்காரர்கள் முன்னால் அண்ணன் என்னை என்னென்ன பேசினார் என்று நீயும் கேட்டாய். ஒரு தீபாவளிக்கும் ஒரு பொங்கலுக்கும் அவர் நம் வீட்டு நடையில் கால் வைக்கவில்லை. அதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை, எந்தத் தாயும் அதைத்தான் செய்வாள். ஆனால் எனக்கு இல்லாத பொறுப்பை நான் எடுத்துக்கொண்டதை நீ பக்கத்தில் நின்று பார்த்தவன். உன் சொந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்ள வேண்டிய நாளில், நான்தான் சொல்லச் சொன்னேன் என்ற ஒரு வரி உன் வாயில் வரவில்லை. நான் உன்னை வளர்த்ததில் எங்கே ஓட்டை விழுந்தது என்று இத்தனை நாளும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நானும் உன் அப்பாவும் மணவாளக்குறிச்சியில் கல்யாணம் விளித்துவிட்டு அப்படியே கடியப்பட்டணம் போனோம். ஜெனிஷா அங்கே இருப்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கதவைத் திறந்ததே அவள்தான். விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று உன் கம்பெனி அனுப்பிவிட்டதாம். இதை நீ எனக்குச் சொல்லவில்லை. அவள் முகம் சுண்டிப்போயிருந்தது, ஆனாலும் உள்ளே விளித்து, ஃபேனைப் போட்டு, உன் அப்பாவுக்குச் சர்க்கரை இல்லாமல் சாயா போட்டுத் தந்தாள். போன வருஷம் ஒரே ஒரு தடவை சொன்னதை ஞாபகம் வைத்திருக்கிறாள். உன்னைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. சகாயமேரிதான் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அந்தக் கட்டைக் குரலை முடிந்தமட்டும் தாழ்த்திக் கேட்டாள். "அக்கா, எம்பிள்ள அங்க எதுவும் தப்பாப் பேசிட்டாளா? பேசியிருந்தா மறைக்காமச் சொல்லுங்க. நான் கூட்டிட்டுப் போயி மன்னிப்புக் கேக்க வைக்கேன்." ஜெனிஷா உள்ளிருந்து, "எம்மா, வுடு. கல்யாணம் விளிக்க வந்திருக்காவல்லா" என்றாள்.

உங்கள் பிள்ளை தப்பாக ஒன்றும் பேசவில்லை என்று மட்டும் சொன்னேன். பேச வைத்தவன் என் மகன் என்று சொல்ல வாய் வரவில்லை. கையில் இருந்த கார்டை நீட்டினேன். சகாயமேரி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அதை வாங்கி, கண்ணில் ஒற்றி, மாதா சொரூபத்தின் காலடியில் கொண்டுபோய் வைத்தாள். "தாணு தம்பி கல்யாணத்துக்கு நாங்க வராம இருப்போமா? அன்னைக்கு ஏலத்துக்கே போகாண்டாம்னு வச்சுட்டு வருவோம்" என்றாள். மாநாட்டுக்கு முன்பே அச்சடித்த கார்டு அது. உன் பெயருக்குக் கீழே 'தலைவர், இளையோர் ஆலோசனைக் குழு' என்று கட்டாயம் போடச் சொல்லி, நான் பெருமையாகப் போட்ட வரி அதில் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் மீதிக் கார்டுகளை எடுத்து, அந்த வரியின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டச் சொல்லி உன் அப்பாவிடம் கொடுத்தேன். இதை எழுதும்போது அவர் எதிரே உட்கார்ந்து ஒட்டிக்கொண்டிருக்கிறார். கோணல்மாணலாகத்தான் ஒட்டுகிறார்.

கிளம்பும்போது ஜெனிஷா ஆட்டோ வரை வந்தாள். வியாழக்கிழமை விசாரணை என்றாள். அவள் பேசியது குழு எழுதிக்கொடுத்ததா, தன் இஷ்டத்துக்குப் பேசியதா என்று தலைவன் என்ற முறையில் உன்னைக் கேட்பார்களாம். நீ சொல்கிற பதிலை வைத்துத்தான் அவள் வேலை. தாணுவிடம் பேசினாயா என்று அவளிடம் கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். "அண்ணனுக்குத் தெரியும்லாம்மா" என்று மட்டும் சொன்னாள். அவள் அழுதிருந்தால், உன்னைத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். இவ்வளவுக்குப் பிறகும் நீ உண்மையைச் சொல்வாய் என்று அந்தப் பெண் நினைக்கிறாள். பெற்ற எனக்கு அந்த நம்பிக்கை வரவில்லை.

வியாழக்கிழமைக்கு முன்னால் உனக்குக் கிடைக்க, இதைப் போட்டோ எடுத்து உன் போனுக்கு அனுப்புகிறேன். அன்று நீ சொல்ல வேண்டியது ஒன்றும் பெரிய பிரசங்கமல்ல. நான் எழுதினேன், குழு ஏற்றது, நான்தான் அவளைப் பேசச் சொன்னேன், மாநாட்டில் நான் சொன்னது பொய். இவ்வளவுதான். உனக்கு வரவிருக்கிற மேனேஜர் பதவி போகும் என்பாய். போகட்டும். வேலையே போகும் என்றால் அதுவும் போகட்டும், வீட்டுக்கு வா. உன்னை யாரும் வயலில் இறங்கி நாற்று நடச் சொல்ல மாட்டார்கள், அது உனக்கு வரவும் வராது. வேறு வேலை கிடைக்கும்வரை உனக்குச் சோறு போட எங்களுக்குத் திராணி இருக்கிறது. சகாயமேரிக்கு அந்த ஒரு பிள்ளையின் சம்பளத்தில்தான் வீடே ஓடுகிறது. பைய சரிபண்ணிக்கிடலாம் என்ற பேச்சை இன்னொரு முறை என்னிடம் எடுக்காதே. பைய என்பது நாளை மறுநாள் வரும் வியாழக்கிழமைதான். அதற்குப் பிறகு பையவும் இல்லை, வேகமும் இல்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை எழுதத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வளைத்திருக்கிறேன் போல. நீ லிங்க் அனுப்பியவர்களில் அபிராமியும் ஒருத்தி. கல்யாணம் செய்யப்போகிறவன் மேடையில் உட்கார்ந்திருப்பதை அவளும் தக்கலையில் தன் வீட்டில் இருந்து பார்த்திருக்கிறாள். மறுநாள் காலை பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தக் கிளம்பும் அவசரத்தில் எனக்குப் போன் பண்ணினாள். "அத்தை, ஒண்ணு கேக்கட்டா? அந்தப் பொண்ணு சொன்னது நெசமாவே அவங்க சொந்தக் கருத்துதானா? அவங்க திரும்பிப் பாத்த பார்வை எனக்கு என்னமோ போல இருந்துச்சு." நம் வீட்டு முன்னறையில் ஒருவருக்கும் புரியாதது அந்தப் பெண்ணுக்குப் புரிந்திருக்கிறது. என்னால் அவளிடம் உண்மையைச் சொல்லியிருக்க முடியும். அடுப்பில் பால் இருக்கிறது என்று அப்போதும் தப்பித்திருக்கலாம். நான் இரண்டும் செய்யவில்லை. "ஆமா மக்களே, அவ தானாப் பேசுனது. தாணு என்ன செய்வான்?" என்றேன்.

அவள் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. "அப்பம் சரி அத்தை. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். கூட்டுறவு வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்து அத்தனை வருஷமும் யார் முகத்தையும் நேராகப் பார்த்துப் பேசியவள் நான். இந்த வீட்டுக்கு வாழ வரப்போகிற பெண்ணிடம் நான் கொடுத்த முதல் வாக்கு பொய். ஜெனிஷாவை நீ ஒரு தரம் கைவிட்டாய், உன்னைக் காப்பாற்ற நான் இன்னொரு தரம் கைவிட்டேன். என்னை இந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியதற்காக உன்னை மன்னிக்க என்னால் முடியவில்லை. என்னையும் மன்னிக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை நான் தக்கலைக்குப் போகிறேன். அபிராமியை எதிரே உட்காரவைத்து, நான் சொன்னது பொய் என்று சொல்லப்போகிறேன். எழுதியது யார், பேசச் சொன்னது யார், கைகழுவியது யார் என்று எல்லாவற்றையும் சொல்வேன். கேட்டுவிட்டு இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று அவள் சொன்னால், சரி மக்களே என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ் ஏறுவேன். அவளைச் சமாதானம் பண்ண மாட்டேன், உன் அப்பாவையும் பண்ண விட மாட்டேன். வியாழக்கிழமை நீ அந்த அறையில் உண்மையைச் சொல்லியிருந்தால், அதையும் சேர்த்து அவளிடம் சொல்வேன். சொல்லியிருக்காவிட்டால், உனக்காக அவளிடம் சொல்ல என்னிடம் ஒரு வார்த்தையும் இருக்காது.

கோபம் தீராத
உன் அம்மா